லீக்கேஜ் நாலு

பனைவிளைக் கோயிலின் பழைய ஆர்கனைக் கொன்றது எறும்பு. கொழும்பில் புகையிலை வியாபாரம் செய்து நொடித்துப்போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர், நொடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் புத்தி வந்து கப்பலில் ஏற்றி அனுப்பிய மின்சார ஆர்கன் அது. உள்ளே சின்னச் சின்ன இரும்புச் சக்கரங்கள் வரிசையாகச் சுற்றும், சுற்றினால்தான் அதற்குக் குரல் வரும், அந்தச் சக்கரங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மெஷின் எண்ணெய் விட வேண்டும். ஒரு வருஷம் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டியார், எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டார். எறும்புகள் பாவமன்னிப்புக்கு வருகிற மாதிரி வரிசையாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் ஆர்கன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, கட்டைகளின் இடுக்கு வழியாக எறும்புகளைத் துப்பியது, அதோடு நின்றுபோனது.

அதை வாசித்துக்கொண்டிருந்தவள் சலோமி. மின்வாரிய ஆபீசில் கிளார்க், கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று ஊரில் எல்லாரும் அவளிடம் கேட்டாயிற்று, இரண்டாம் முறையும் கேட்டாயிற்று. அவளிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் ஆர்கனுக்கு முன்னால் கிடந்த அந்தப் பெஞ்சு. தாவணி போட்ட காலத்திலிருந்து அதில் உட்கார்ந்து வாசிக்கிறாள், ஒரு கட்டை தப்பாக அமுக்கியதில்லை. அந்தப் பெஞ்சு போனால் அவளுக்கு வாரத்தில் ஆறு நாள்தான்.

பெஞ்சுக்கு ஆபத்து தேவபிச்சை அண்ணாச்சி உருவத்தில் வந்தது. மாவு மில் வைத்திருப்பவர், சபைக் கமிட்டியின் செயலாளர், எங்கள் கோயிலிலேயே மிகப் பெரிய குரல் அவருடையது. குரல் பெரிது, அவ்வளவுதான். சுருதிக்கும் அவருக்கும் எந்த ஜென்மத்திலும் ஒட்டுறவு இல்லை. பாட்டு ஒரு பக்கம் போனால் அவர் வேலி தாண்டி இன்னொரு பக்கம் போவார், ஆனால் போகிற பாதையில் அவ்வளவு சந்தோஷமாகப் போவார். செயலாளரிடம் போய் உங்களுக்குப் பாட வராது என்று சொல்ல யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? எனக்கு இல்லை. அவருடைய மருமகள் பிளெஸ்ஸி பட்டன் அமுக்கினால் தாளமும் சேர்ந்து வருகிற கீபோர்டு பழகியிருந்தாள். அப்படி ஒன்றை வாங்கி மருமகளைப் பெஞ்சில் உட்கார வைப்பது அண்ணாச்சியின் யோசனை.

நாகர்கோவில் கடைக்கு மூன்று பேர் போனார்கள்: சலோமி, தேவபிச்சை, கிறிஸ்துதாஸ் ஐயர். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். கடையில் அண்ணாச்சிக்குப் பிடித்த கீபோர்டில் கல்யாண வீட்டு சீரியல் செட்டுபோலக் கலர் கலராக லைட் எரிந்தது. ஒரு பட்டனில் மழை பெய்தது, ஒரு பட்டனில் கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி கைதட்டல் பட்டனை அமுக்கிவிட்டு விரலை எடுக்கவே இல்லை. சலோமி மூலையில் கறுப்பாக, லைட்டில்லாமல், அழுமூஞ்சியாகக் கிடந்த ஒன்றின் முன்னால் நின்றாள். அதில் ஆர்கன் சத்தம் மட்டும்தான். ஒன்பது இழுப்புக் கட்டைகள். குழம்புக்கு உப்பும் புளியும் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் இழுத்தும் தள்ளியும் சத்தத்தைச் சேர்க்க வேண்டும். அவள் இரண்டை முழுக்க இழுத்து, ஒன்றைப் பாதி இழுத்து, ஒன்றைத் தொட்டும் தொடாமலும் விட்டு, வாசிக்கிற கட்டை ஒன்றை அமுக்கினாள். எறும்பு தின்ற ஆர்கன் எழுந்து உட்கார்ந்தது. கிட்டத்தட்ட. ஏதோ ஒன்று குறைந்தது.

“இந்தத் திருகைத் திருப்புங்க மேடம்,” என்றார் கடைக்காரர். “லீக்கேஜ். பழைய ஆர்கன்ல ஒரு சக்கரத்துச் சத்தம் பக்கத்துச் சக்கரத்துல லேசா கசியும். கோளாறுதான். ஆனா அந்தக் கோளாறு இல்லேன்னா ஆர்கன் மாதிரியே இருக்காதுன்னு, கம்பெனிக்காரன் கோளாறையும் சேர்த்தே செஞ்சு குடுத்திருக்கான். சைபர்லேர்ந்து பத்து வரைக்கும் இருக்கு.”

“காசு குடுத்து ஒழுக்கை வாங்கச் சொல்லுதீரோ?” என்றார் தேவபிச்சை. “எங்க கோயில் கூரையில இல்லாத ஒழுக்கா வே?”

சலோமி திருகை மெதுவாகத் திருப்பினாள். நாலில் நிறுத்தினாள். சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிற மாதிரி, வந்து நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, சண்டை பிடிக்காது, அதனால் நடுவில் ஒரு வழி சொன்னார்: கறுப்பையே கொண்டுபோவோம், அசனப் பண்டிகை வரைக்கும் வைத்துப் பார்ப்போம், சபைக்குப் பிடிக்காவிட்டால் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு லைட்டு எரிகிறதைக் கொடுத்துவிடட்டும். அசனம் என்பது ஊரே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற பண்டிகை. எங்கள் ஊரில் எந்த முடிவையும் அந்தச் சாப்பாட்டுக்கு முன் எடுக்க மாட்டோம். லைட்டு எரிகிறது வந்தால் பிளெஸ்ஸி வாசிப்பாள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சலோமிக்குச் சொல்லாமலே கேட்டது.

அடுத்த ஞாயிறு முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் டீச்சர், ராகம் ஒரு இம்மி பிசகாமல், “அடுப்பை அணைத்தேனோ, பருப்பு தீய்ந்ததோ” என்று பாடினார். டீச்சர் வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பருப்பு தீய்ந்துதான் போயிருந்தது, வீடு தப்பித்தது, ஆர்கன் கர்த்தரின் கருவி என்று அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் வசந்தா சாட்சி சொன்னாள். நாங்களும் ஆமென் என்றோம். லீக்கேஜ் என்று ஒரு திருகு இருக்கிறது, அது நாலில் இருக்கிறது, கசிகிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஒருவர் மனசில் ஓடுவது பக்கத்தில் இருப்பவரின் வாயிலிருந்து பாட்டாக வரும், பாட்டு முடிந்தால் கசிவும் முடியும், அவ்வளவுதான் விஷயம், பழகிக்கொண்டோம். முதலில் உட்காரும் இடங்கள் மாறின. மாமியார் பக்கத்தில் மருமகள் உட்காருவது ஒரே வாரத்தில் நின்றது, பிறகு இரண்டு வாரம் கழித்து, வீட்டில் வாயைத் திறந்து கேட்க முடியாததை இங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று இருவரும் தாங்களாகவே நெருங்கி உட்கார்ந்தார்கள். பெண் கொடுக்க யோசித்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் ஆளை அனுப்பி ஒரு பாட்டு முழுக்கப் பாடவிட்டுக் கேட்டார்கள். இப்படி இரண்டு சம்பந்தம் கூடியது, மூன்று முறிந்தது, முறிந்ததுதான் பெரிய புண்ணியம் என்று இப்போதும் சொல்கிறார்கள். ஒருவரின் நெஞ்சுவலி கசிந்து பக்கத்துக்காரர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் குதிரை மாதிரி இருந்தார், டாக்டர் திட்டி அனுப்பினார், கூடப் போயிருந்த, வலிக்குச் சொந்தக்காரர்தான் ஆட்டோவில் திரும்பி வரும்போது தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு யோசித்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். பிரசங்கம் நீளும்போது சபையாரின் பசி மொத்தமும் கசிந்து ஐயரின் வயிற்றில் போய்ச் சேர்ந்ததால், முடிக்கிற பாட்டு முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. இதற்காகவே அந்தத் திருகுக்குச் சிலை வைக்கலாம்.

ஆனால் கசிவு தேவபிச்சை அண்ணாச்சியையும் விட்டுவைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற வேதமாணிக்கம், பயந்த சுபாவம், வாயசைப்பதோடு சரி, ஒரு ஞாயிறு எழுந்து நின்று தொண்டை கிழிய, “செயலாளர் நாற்காலி எனக்கே எனக்கே, சாகும் வரைக்கும் எனக்கே எனக்கே” என்று பாடினார். அது யாருடைய மனசு என்று விசாரிக்கவே தேவையில்லை. ஆண்கள் பக்கம் இருமினார்கள், பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே அண்ணாச்சி பிளம்பர் ஏசுவடியானைக் கூட்டிக்கொண்டு வந்தார். லீக்கேஜ் என்றால் எங்கள் ஊரில் பிளம்பரைத்தான் கூப்பிடுவோம். ஏசுவடியான் கீபோர்டின்மேல் காதை வைத்துக் கேட்டார், கீழே படுத்துப் பார்த்தார், தட்டினார்.

“தண்ணி வரலை அண்ணாச்சி. ஆனா ஒழுக்கு இருக்கு,” என்றார். “எங்கன இருந்து வருதுன்னுதான் தெரியலை.”

“அதுக்குத்தான வே உம்மைக் கூட்டியாந்தது.”

“நாலு சுத்து டேப்பு போட்டுப் பாப்போம்.”

வயர் போகிற இடமெல்லாம் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினார். அடுத்த ஞாயிறு கசிந்தது, என்ன, கொஞ்சம் வெள்ளையாகக் கசிந்தது என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள். கடைசியில் கமிட்டி கூடி, திருகைச் சைபரில் வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சைபரில் வைத்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் மறக்க மாட்டோம். அந்தத் திருகு தான் உண்டாக்கிய கசிவை மட்டும் அடைக்கவில்லை. மனுஷருக்கும் மனுஷருக்கும் நடுவில் ஆதியிலிருந்து இருந்துவந்த சில்லறைக் கசிவையும் சேர்த்து அடைத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர் மூச்சிழுப்பது கேட்டுத்தான் நாமும் மூச்சிழுக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் குரலை மட்டும் கேட்டு, தன் வேகத்தில், தனக்குத் தெரிந்த சுருதியில் பாடினோம். சிலர் மூன்றாம் சரணத்தில் இருந்தபோது சிலர் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது யாரும் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மறுபடியும் கசியட்டும் என்று சபையார் கேட்டார்கள். தேவபிச்சை எழுந்தார்.

“கசியட்டும். நான் வேண்டாங்கலை. ஆனா ஒரு நியாயம் வேணுமா, வேண்டாமா? ஊருக்கெல்லாம் கசியுது. பெஞ்சுல தனியா உக்காந்திருக்க சலோமிக்கு மட்டும் ஒரு சொட்டு கசியலையே. அவ மனசுல என்ன இருக்குன்னு சபைக்குத் தெரிய வேண்டாமா?”

சபை யோசித்தது. கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. எங்களில் பாதிப்பேர் மனசு சந்தி சிரித்துவிட்டது, அவளுடையது மட்டும் இஸ்திரி போட்டதுபோல இருக்கலாமா?

“அசனத்தன்னைக்கு நான் அவ பக்கத்துல உக்காருதேன்,” என்றார் அண்ணாச்சி. “நாலுல வையுங்க. கோயிலுக்கு ஆகாதது எதும் என் வாயில வந்துச்சுன்னா கறுப்புப் பெட்டி கடைக்குப் போகட்டும். என்னம்மா, சம்மதமா?”

“சரி அண்ணாச்சி,” என்றாள் சலோமி.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வாசிக்கும்போது தன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஜெபம் இல்லை என்பது மட்டும் தெரியும். கண்ணை மூடும் நேரத்தில்கூட அவள் அடுத்த பாட்டின் முதல் கட்டையைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் கோயிலில் உட்கார்ந்து ஜெபிக்காதவள் என்று அண்ணாச்சியின் வாயால், அந்தக் குரலில், ஊர் முழுக்கக் கேட்டால்?

அசனத்தன்று வெளியே அண்டாவில் கறி கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. தேவபிச்சை வெள்ளை வேட்டி சட்டையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு அவர் பக்கம் தாழ்ந்தது, சலோமி கொஞ்சம் உயர்ந்தாள். அவள் இழுப்புக் கட்டைகளைச் சரிசெய்தாள், திருகை நாலில் வைத்தாள், கட்டைகளை அமுக்கினாள். சபை எழுந்து நின்றது. அண்ணாச்சி வழக்கம்போல நெஞ்சை விரித்து வாயைத் திறந்தார்.

சுருதி சேர்ந்து வந்தது.

ஒரு சொல்லும் மாறவில்லை, ரகசியம் எதுவும் வரவில்லை, பாட்டுதான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சுரமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு சரியாகப் பாடி நாங்கள் கேட்டதில்லை. ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்தினோம். கோயில்குட்டியார் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றார், வெளியே கறி கிண்டுகிறவர்கள் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தார்கள். அண்ணாச்சியின் முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. இந்தப் பக்கம் சலோமியின் விரல்கள் நோட்டில் இல்லாத இடத்துக்குப் போயின. ஒரு கட்டையைத் தப்பாக அமுக்கினாள், அமுக்கிவிட்டுச் சிரித்தாள், இன்னொன்றையும் அமுக்கினாள். கசிவு இரண்டு பக்கமும் போகும் என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா,” என்று மெதுவாகக் கேட்டார். முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. “நீ வாசிக்கும்போதெல்லாம் இப்படித்தான் பயந்துகிட்டு இருப்பியா? ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால தப்பிரும், தப்பிரும்னு அடிச்சுக்கிடுதே.”

“ஆமா அண்ணாச்சி.”

“இத்தனை வருஷமாவா?”

“ஆமா. நீங்க பாடும்போது இவ்வளவு சந்தோஷமா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது.”

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். “அப்ப, இம்புட்டு நாளும் நான் பாடுனது?”

சலோமி சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுடைய காது இன்னும் அவருக்குள் ஈரமாக இருந்தது, அதில் அவருடைய பழைய பாட்டெல்லாம் அவருக்கே கேட்டுவிட்டது. அன்று இலையில் விழுந்த கறியை அவர் தொடவில்லை. கை கழுவுமிடத்தில் ஐயர் முடிவு கேட்டபோது, “அடுத்த ஞாயித்துக்கிழமை கடைக்காரரை வண்டியோட வரச்சொல்லுங்க,” என்றார். “அது வரைக்கும் சைபர்லயே கிடக்கட்டும். எனக்கு இனி யாருதும் கேக்க வேண்டாம்.”

பேச்சுப்படி பார்த்தால் ஜெயித்தது சலோமி, எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் நாங்கள்தானே.

அடுத்த ஞாயிறு கடை வண்டி வாசலில் நின்றது, பின்கதவு திறந்திருந்தது, உள்ளே லைட்டு எரிகிற கீபோர்டு அட்டைப்பெட்டியில் இருந்தது. கடைக்காரர் ஆராதனை முடியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். பிளெஸ்ஸி புதுச் சேலையில் வந்திருந்தாள், பாவம், அவளுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. தேவபிச்சை தன் பழைய இடத்தில், வேதமாணிக்கத்துக்குப் பக்கத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். திருகு சைபரில். முதல் சரணம், முன்பு சைபரில் வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போலவே சிதறியது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம், யாருக்கும் யாரும் கேட்கவில்லை, கோயில் மொட்டையாக இருந்தது. என்ன குறைகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. குறைந்தது அந்தப் பெரிய தப்பு.

சலோமி திருகைத் தொடவில்லை. தொட்டால் கமிட்டி முடிவை மீறியதாகும். இரண்டாம் சரணத்தில், பாட்டு உயர ஏறுகிற இடத்தில், தேவபிச்சை அண்ணாச்சி எப்போதும் ஏற முடியாமல் அரைப்படி கீழேயே நின்று முழங்குவாரே, அந்த இடத்தில், அவள் சரியான கட்டையை விட்டுவிட்டு அவருடைய கட்டையை அமுக்கினாள். முழு பலத்தோடு, ஒன்பது இழுப்புக் கட்டைகளையும் முழுக்க இழுத்துவிட்டு, எடுக்காமல் அமுக்கினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜாய்ஸ் டீச்சர் புத்தகத்தைக் கீழே போட்டார். வாழ்நாளில் ஒரு கட்டை தப்பாத சலோமி, சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, விரலை எடுக்காமல் திரும்பி அவரைப் பார்த்தாள்.

தேவபிச்சையின் வாய் திறந்தது. அந்தத் தப்பான சுரத்தில் வந்து, தன் வீட்டு வாசலில் ஏறுகிறவர் மாதிரி ஏறி, நெஞ்சை விரித்து அவர் முழங்கினார். அவ்வளவு பெரிய தப்பைச் சைபராலும் அடைக்க முடியவில்லை, எல்லாருக்கும் கேட்டது, அது போதும் எங்களுக்கு. ஆளுக்கொரு மூலையில் திக்குத் தெரியாமல் நின்ற நாங்கள், பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது என்று அதைப் பிடித்தோம்; வேதமாணிக்கம் வந்தார், வசந்தா வந்தாள், பிளெஸ்ஸி வந்தாள், ஐயரும் வந்தார், சைபரில் கிடந்த ஆர்கனோடு பனைவிளைச் சபை மொத்தமும் ஒரே மூச்சில், ஒரே குரலில், ஒரே தப்பில் பாடியது. கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பாட்டை நிறுத்தாமலே தேவபிச்சை அண்ணாச்சி வாசல் பக்கம் கையை ஆட்டினார், வண்டியை எடுத்துக்கொண்டு போம் வே என்று.